சோறு பிசையும் உயரம்

"உட்கார முடியலைம்மா," என்றார் கதிரேசன்.

உமையாள் முறத்திலிருந்து நிமிரவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப நின்னுக்கிட்டே சொல்லுங்க."

"நிக்கவும் முடியலை."

"நடந்துக்கிட்டே சொல்லுங்க."

அவர் நடந்துகொண்டே சொன்னார். மடத்துக் கூடத்தின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்தார். பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்குக் கால் வலிக்கும்.

கதிரேசன் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவர். ஐம்பத்து நான்கு வயது. ஒரு காலத்தில் சாய்ந்த பலகையில் பென்சிலால் போட்டார். இப்போது கம்ப்யூட்டரில், வீட்டிலேயே ஓர் அறையில் உட்கார்ந்து. ஒரு கோடு ஒரு நூல் தள்ளிப்போனால் கதவு தூணில் இடிக்கும் என்கிற வேலை. அவர் போட்ட கோடு தள்ளிப்போனதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, இருக்க வேண்டியதுதான்.

உமையாள் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். ஞானம் கேட்கப் போன இடத்தில் பிறந்த தேதி கேட்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

அந்த அம்மாள் சென்னையில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர். ஒருநாள் எழுந்தார். எழுந்தவர் நேராக மதுரைக்கு வந்து, தன் அத்தை நடத்திக்கொண்டிருந்த இந்தச் சின்ன மடத்தில் சேர்ந்துகொண்டார். அத்தைக்குப் பிறகு மடம் இவர் பொறுப்பு. காவி கட்டவில்லை. பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. யாராவது வந்து கேட்டால் பதில் சொல்வார். பல நேரம் அதுவும் சொல்ல மாட்டார்.

கதிரேசனின் குறை இது.

வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. முந்தின நாள் காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. நழுவியதுகூடத் தெரியவில்லை. தரையில் சத்தம் கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தார்.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்காரும் முறையைச் சரிசெய்யுங்கள், அடிக்கடி எழுந்து கைக்கு ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் கத்தி வைக்க வேண்டியிருக்கும். ரொம்ப நாள் விட்டுவிட்டால் கத்தி வைத்தாலும் பழைய நுணுக்கம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

கதிரேசனுக்குப் பயம். அதை அவர் மறைக்கவும் இல்லை. கோடு போடுவதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. சமைக்கத் தெரியாது, பேசிப் பிழைக்கத் தெரியாது, சீட்டாடக்கூடத் தெரியாது. அந்தக் கை போய்விட்டால் மிச்சம் இருக்கிற ஆள் யார் என்று அவருக்கே தெரியவில்லை.

"எப்படி உட்காரணும்னு மட்டும் சொல்லுங்கம்மா. அது போதும்."

உமையாள் முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"இதுல இன்னும் கல் இருக்கா, கையால தடவிப் பாருங்க."

அவர் உட்கார்ந்தார். வலது கையை அரிசிக்குள் விட்டுத் துழாவினார்.

"இல்லைம்மா. சுத்தமா இருக்கு."

அவருடைய விரல்கள் இப்போதுதான் போய்வந்த இடத்தில் உமையாள் விரலை வைத்தார். ஒரு கல்லை எடுத்தார். பக்கத்திலேயே இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தார்.

இடது கைக்குத் தெரிந்தது. கல்தான்.

கதிரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. உமையாள் அதைப் பார்க்காதவர் போல முறத்தை எடுத்துப் புடைத்தார்.

"நாளைக்கு வீட்டுக்கு வரேன்," என்றார்.

*

அறைக்குள் நுழைந்ததும் உமையாள் எண்ணியது நாற்காலிகளை.

ஒன்று சுழல்வது. ஒன்று வலைமுதுகு வைத்தது, தலைக்குத் தனியாகத் தலையணை உண்டு. ஒன்று முதுகே இல்லாதது, முட்டிபோட்டு உட்கார வேண்டும், எந்தச் சாமியிடம் என்ன வேண்டிக்கொள்வதற்கோ தெரியவில்லை. நடுவில் இருந்த நான்காவதுதான் இப்போது நடப்பு. அதில் பிடிகள் மட்டும் ஏழெட்டு. ஒன்றைத் திருகினால் இன்னொன்று தளரும்.

"ஆடத் தெரியாதவ தெருக்கோணல்னாளாம்," என்றார் மீனாள், வாசலில் நின்றபடி. மீனாள் கதிரேசனின் மனைவி. முப்பது வருடமாக அவருக்கு நல்லதையே சொல்லிவருகிறவர், அதை நல்ல விதமாகச் சொன்னதில்லை.

உமையாள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். ஏறித்தான் உட்கார வேண்டியிருந்தது. கால் தொங்கியது.

ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டார். மேசை உயரம், அதனால் நாற்காலி உயரம் என்றார் கதிரேசன். கால் தொங்குமே என்றதற்கு, அதற்காகத்தான் கீழே தடித்தடியான புத்தகங்களை அடுக்கியிருப்பதாகச் சொன்னார். எல்லாம் கட்டட விதிகள். இத்தனை வருடத்தில் அவற்றை இப்படி யாரும் மிதித்திருக்க மாட்டார்கள்.

மேசை கிழக்குப் பார்த்து இருந்தது. கிழக்கே ஜன்னல். ஜன்னலுக்கு முன்னால் கம்ப்யூட்டர் திரை. காலை வெயில் நேராக முகத்தில் அடித்தது, திரை வெளிறிக் கிடந்தது. கதிரேசன் அதைப் படிக்கக் கழுத்தை ஆமை போல நீட்டி உட்கார்ந்து காட்டினார். இருபது வருடமாக இப்படித்தானாம்.

"மேசையைத் திருப்பிப் போட்டா என்ன?"

"கிழக்குப் பார்த்து உட்கார்ந்துதான் வேலை பார்க்கணும்மா. வாஸ்து."

"சூரியன் காலையில எந்தத் திசையைப் பார்த்துக்கிட்டு வேலையை ஆரம்பிக்குது?"

கதிரேசன் ஜன்னலைப் பார்த்தார். யோசித்தார்.

"மேற்க பார்த்து," என்றார் மெல்ல.

"அதுக்கு வேலை நடக்குதா இல்லையா?"

மேசை திரும்பியது. வடக்குப் பார்த்துப் போட்டார்கள். வடக்கும் ஆகும் என்று வாஸ்துவிலேயே இருப்பதாக அவர் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வெளிச்சம் இப்போது பக்கவாட்டில் விழுந்தது.

பிறகு உமையாள் சமையலறையிலிருந்து ஒரு சாதாரண மர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு தட்டில் தயிர் சாதமும் கொண்டுவரச் சொன்னார்.

மீனாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் சாதம் கேட்டால் ஏன் என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"சாப்பிடுங்க," என்றார் உமையாள்.

கதிரேசன் மர நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை இடது கையில் ஏந்தி, டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவர் போல, வலது கையால் சாதத்தைப் பிசைந்தார்.

"அப்படியே இருங்க."

இருந்தார். பாதங்கள் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்திருந்தன. முழங்கை விலாவை ஒட்டித் தொங்கியது. தோள் இறங்கியிருந்தது. மணிக்கட்டு மடங்கவில்லை.

உமையாள் சுண்ணாம்புக் கட்டியால் மேசைக் காலில் ஒரு கோடு போட்டார். தட்டு இருந்த உயரத்தில்.

"சோறு பிசையுற உயரம். கீபோர்டு இங்க. மவுஸ் அதை ஒட்டி. ஊறுகாய் எட்டுற தூரத்துல இருந்தா போதும், பக்கத்து வீட்டு இலையில இருக்க வேண்டாம்."

பிறகு கண்ணை மூடச் சொன்னார். திறக்கச் சொன்னார். திறந்ததும் கண் போய் விழுந்த இடத்தில், எதிர்ச் சுவரில், இன்னொரு கோடு. திரையின் மேல் விளிம்பு அங்கே. கையை நீட்டினால் விரல் நுனி தொடுகிற தூரத்தில்.

கதிரேசன் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். கோட்டுக்கு மேலே மேசை நாலு விரல்கடை உயரமாக இருந்தது.

"அப்ப மேசைக் காலை வெட்டணும்."

"ஆமா."

"தேக்கும்மா. இழைச்சு இழைச்சுப் பண்ணது. காலை எப்படி வெட்டுறது?"

"காலா, கையா?" என்றார் உமையாள்.

அன்று சாயங்காலமே கதிரேசன் தச்சரை வரவழைத்துவிட்டார். தன் நாற்காலியையும் மர நாற்காலியின் உயரத்துக்கு இறக்கிக்கொண்டார். வெட்டிய நான்கு துண்டுகளையும் மீனாள் கதவுக்கு முட்டுக்கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டார்.

*

முதல் இரண்டு நாள் கதிரேசனுக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்து லேசாக இருந்தது. தோளில் யாரோ ஏற்றிவைத்திருந்த மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. தெருவில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி, சோறு பிசையும் உயரம் பற்றிச் சொன்னார்.

பிறகு விரல்கள் மறுபடி மரத்தன.

அவர் ரசமட்டத்தை எடுத்தார். மேசையின் மட்டம் பார்த்தார். நாற்காலியை அரை விரல்கடை ஏற்றினார். மறுநாள் கால் விரல்கடை இறக்கினார். திரையை ஒரு மயிரிழை இடதுபக்கம் தள்ளினார். பிறகு அது சரியில்லை என்று அந்த மயிரிழையைத் திரும்ப வாங்கினார். எதுவும் தவறாக இல்லை. அதுதான் அவரை அரித்தது. தவறு இருந்தால் திருத்தலாம், எல்லாம் சரியாக இருக்கும்போது கை மரத்துப்போனால் எதைத் திருத்துவது?

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டது போல மடத்துக்கு ஓடினார்.

"எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே இருக்கு. மரத்துப்போறது மட்டும் நிக்கலை."

"டாக்டர் அடிக்கடி எழுந்திருக்கச் சொன்னாரே. எழுந்தீங்களா?"

"எழுந்தேன். நிறைய தடவை."

"எதுக்கு எழுந்தீங்க?"

கதிரேசன் நாற்காலியின் பிடியைத் திருக எழுந்திருந்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க எழுந்திருந்தார். கைக்கு ஓய்வு கொடுக்க போனில் அலாரம் வைத்திருந்தார், அது அடிக்கும்போதெல்லாம் இடது கையால் அணைத்துவிட்டு வலது கையால் வேலை பார்த்தார். கையில் இருந்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வரைபடம். விஜயதசமி அன்று கொடுப்பதாக, வேலை கொடுத்த கம்பெனியிடம் சொல்லியிருந்தார். யாரும் அந்த நாளைக் கேட்கவில்லை. அவரே சொன்னதுதான்.

"இப்படி உட்காருங்க," என்றார் உமையாள்.

பாயில் உட்கார்ந்தார். எதிரே உமையாளும் உட்கார்ந்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை. வெளியே காகம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"என்ன செய்யணும்மா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அதைப் போலக் கஷ்டமான வேலையை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். சுவர் ஒருபக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றியது. ஜன்னல் நடுவில் இல்லை. உத்தரம் ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கலாம். மனசு இருப்புக் கொள்ளவில்லை.

உமையாள் அவருடைய தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொடைமேல் இருந்த வலது கையின் ஆள்காட்டி விரல் மெல்ல அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. இல்லாத மவுஸில் இல்லாத கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தது.

உமையாள் சாமி படத்திலிருந்து ஒரு நந்தியாவட்டைப் பூவை எடுத்து வந்து, அந்தக் கையின் புறத்தில் வைத்தார்.

"விழாம பார்த்துக்கங்க."

விழுந்தது.

எடுத்து வைத்தார். விழுந்தது.

மறுபடி வைத்தார். இந்தத் தடவை கதிரேசன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை இறுக்கினார். இறுக்கியதில் கை நடுங்கியது. பூ விழுந்தது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கை போய்க்கொண்டிருக்கிறது, பூ விளையாட்டு விளையாடவா வந்தேன் என்று கேட்டார். மேசைக் காலை வெட்டச் சொன்னீர்கள், வெட்டினேன். திசையை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். இன்னும் எதைச் சரிசெய்ய வேண்டும், அதைச் சொல்லுங்கள், இல்லை தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.

"மிச்சம் ஒண்ணு இருக்கு," என்றார் உமையாள்.

"என்ன?"

உமையாள் விழுந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே ஓரமாக வைத்தார். கதிரேசன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

*

ஆயுத பூஜைக்கு உமையாளை மீனாள்தான் அழைத்தார். கதிரேசன் கோபத்தில் இருந்தார். மீனாள் கணக்கில் அந்தக் கோபம் சேராது.

வீடு கழுவி விட்டாயிற்று. வாசலில் வாழைக்கன்று. பொரி, கடலை, வெல்லம், பழம் எல்லாம் தாம்பாளத்தில். பீரோ, பிரிட்ஜ், கிரைண்டர், மிக்ஸி, கதிரேசனின் ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அரிவாள்மனையும் கத்தரிக்கோலும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியாமல் தொடக் கூடாது. அதனால் மீனாள் வேண்டிய காயையெல்லாம் முந்தின நாளே நறுக்கி வைத்துவிட்டார்.

நடுவில், பட்டுத் துணி விரித்து, கீபோர்டும் மவுஸும் இருந்தன. பொட்டு வைத்து, கதம்பம் சாத்தி, பார்க்க லட்சணமாக இருந்தன.

உமையாள் விளக்கேற்றப் போனவர், கீபோர்டைப் பார்த்து நின்றார். ஒரு விரலால் ஒரு கட்டையை அழுத்தினார். உள்ளே போனது, வெளியே வரவில்லை. பக்கத்தில் இரண்டு கட்டைகளைக் காணோம். மவுஸின் வாலைப் பிடித்துத் தூக்கினார். வால் மட்டும் வந்தது.

"இதுலயா வேலை பார்க்கிறீங்க?"

கதிரேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அது பழசு என்றார். நல்லது அறையில் இருக்கிறது. நாளைக்கு ஆஸ்பத்திரி வரைபடம் கொடுக்க வேண்டும், ஒன்றரை நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? அதனால் வருஷா வருஷம் இந்தப் பழசைப் பூஜையில் வைத்துவிட்டு அங்கே வேலையைப் பார்த்துக்கொள்வார். சாமிக்கும் குறையில்லை, வேலைக்கும் குறையில்லை.

ஊருக்கெல்லாம் காது குத்துகிறவர்கள் உண்டு. சரஸ்வதிக்கே காது குத்தியவர் கதிரேசன். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய கீபோர்டு மாதிரி சுகமாக ஓய்ந்திருந்த சாமான் அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை.

மீனாளுக்கு இது தெரியாது. இத்தனை வருஷமாகக் கும்பிட்டது உடைசலையா என்பது போலக் கணவரைப் பார்த்தார்.

உமையாள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"கையை நீட்டுங்க."

பிரசாதம் என்று நினைத்து கதிரேசன் வலது உள்ளங்கையை நீட்டினார். உமையாள் அதைப் பிடித்துப் புறங்கை மேலே வரும்படி திருப்பினார். மணிக்கட்டில் சந்தனம் வைத்தார். ஐந்து விரலிலும் ஒவ்வொன்றாக வைத்தார். சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்தார். படத்திலிருந்து ஒரு பூவை எடுத்துப் புறங்கையில் வைத்தார்.

பிறகு கற்பூரம் ஏற்றி, சரஸ்வதிக்குக் காட்டி, அரிவாள்மனைக்குக் காட்டி, கத்தரிக்கோலுக்குக் காட்டி, கதிரேசனின் கைக்கும் காட்டினார்.

மீனாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில மடத்துக்கு வாங்க. மறுபூஜை அங்க," என்றார் உமையாள். "அதுவரைக்கும் எடுக்கக் கூடாது."

பொரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

*

கதிரேசன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். தொங்கப் போட்டால் பூ விழும். எங்காவது வைத்தால் சந்தனம் ஒட்டும். துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். வயது ஐம்பத்து நாலு, யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் கற்பூரம் காட்டியதைத் துடைக்க அவருக்கு மனசு வரவில்லை. உடைசலை வைத்து ஏமாற்றத் தெரிந்தவருக்கு இதில் என்ன கூச்சம் என்று கேட்கலாம். மனுஷன் அப்படித்தான் இருக்கிறான்.

அறைக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். எல்லாம் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில். திரை கண்ணுக்கு நேரே. மவுஸ் ஊறுகாய் தூரத்தில். அவ்வளவு சரியாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது.

இடது கையால் கம்பெனிக்கு போன் போட்டார். வரைபடம் நாளைக்கு வராது என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எடுத்தவர் காவலாளி.

"ஆபீஸ்ல யாரும் இல்ல சார். எல்லா கம்ப்யூட்டருக்கும் பொட்டு வெச்சு மூடியாச்சு. திங்கக்கிழமைதான் தொறப்பாங்க."

போனை வைத்தார். ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்திருந்தது, அதில் அவர்தான் தெரிந்தார்.

மத்தியானம் இலை போட்டார்கள். இலை முன்னால் உட்கார்ந்த பிறகுதான் கதிரேசனுக்கு இன்னொரு சங்கடம் உறைத்தது. இடது கையால் சாப்பிட முடியாது. வலது கை பூஜையில் இருக்கிறது.

மீனாள் எதிரே உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்து ஊட்டினார்.

"கல்யாணத்தன்னைக்கு ஊட்டினது," என்றார். வேறு எதுவும் குத்திக்காட்டவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கையை மடியில் ஒரு துண்டின் மேல் வைத்துக்கொண்டார். முதலில் நிமிஷத்துக்கு ஒரு தரம் பூ விழுந்துவிடுமோ என்று பார்த்தார். ஆள்காட்டி விரல் அழுத்தப் பார்த்தது. குங்குமம் தெரிந்ததும் நின்றது. மறுபடி அழுத்தப் பார்த்தது, மறுபடி நின்றது.

அவருக்கு அந்தக் கையைப் பார்த்துக் கூச்சமாக இருந்தது. அதை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே காய்ப்புக் காய்த்திருந்தது. கட்டை விரலின் அடியில் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. பொட்டும் பூவுமாக அது ஊருக்குப் போகக் கிளம்பி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

விரல் எப்போது ஓய்ந்தது என்று அவருக்குத் தெரியாது. மீனாள் விளக்கேற்ற வந்து பார்த்தபோது அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். பூ கையில் இருந்தது.

*

விஜயதசமி காலையில் மடத்தில் கூட்டம். பிள்ளைகளுக்கு முதல் எழுத்து எழுதிவைக்கக் கொண்டுவந்திருந்தார்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து, உமையாள் அதில் எழுதவைத்துக்கொண்டிருந்தார். சில பிள்ளைகள் அழுதன. ஒன்று அரிசியை வாயில் போட்டுக்கொண்டது.

கதிரேசன் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தார், மீனாள் பின்னால் நின்றுகொண்டார். அவருக்கு முன்னால் இருந்த குழந்தை அவர் கைப் பொட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அவர் முறை வந்தது.

"மறுபூஜை பண்ணிடுங்கம்மா. எடுத்துக்கிறேன்."

உமையாள் கற்பூரம் காட்டினார். வாடிப்போன பூவை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எடுத்துக்கலாமா?" என்று கேட்டார் கதிரேசன்.

"என்னையா கேக்கிறீங்க?" என்றார் உமையாள். "அதைக் கேளுங்க."

குழந்தைகளின் விரலைப் பிடித்தது போலவே அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தார். தாம்பாளத்து அரிசியில் வைத்தார். விட்டுவிட்டார்.

கதிரேசன் விரலை மெல்ல இழுத்தார். அரிசி இரண்டு பக்கமும் ஒதுங்கியது. கோடு பாதி போன இடத்தில் விரல் நின்றது.

அவர் நிமிரவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

பின்னால் மீனாள், என்ன ஆச்சு, எழுத வேண்டியதுதானே என்றார்.

"அரிசியில ஒரு கல் இருக்கும்மா," என்றார் கதிரேசன்.